ஊராத்துறைக்கு இரு நாட் பயணம்

யாழ்ப்பாணத்தைக் காண வருவோருட் பெரும்பாலோர் தமது நாட்களை ஒரே விதமாகவே பங்கிடுகின்றனர். ஒரு நாள் நல்லூருக்கும் கோட்டைக்கும். மற்றொரு நாள் கீரிமலைக்கும் பருத்தித்துறைக்கும். எஞ்சிய அரை நாள் நயினாதீவுக்கு. அவ்வரை நாளிற் பஸ் வண்டியில் விரைந்து சென்று, குறிகட்டுவானிற் படகேறி, வழிபாட்டை முடித்துக்கொண்டு, பொழுது சாயுமுன் நகருக்கு மீண்டுவிடுவர். வழியிலே கடந்து வந்த அல்லைப்பிட்டியும் வேலணையும் அவர்களுக்கு வெறும் ஊர்ப்பெயர்கள். வேலணையில் வலப்புறமாகப் பிரியும் வீதி ஊர்காவற்றுறைக்குச் செல்வது என்பதைப் பலர் கவனிப்பதும் இல்லை.

தீவகம் யாழ்ப்பாணத்தின் கொல்லைப்புறம் என்னும் எண்ணம் இவ்வழக்கத்தால் வேரூன்றிவிட்டது. வரலாறு கூறுவதோ இதற்கு நேர்மாறானது. பல நூற்றாண்டுகளாகக் குடாநாட்டின் தலைவாயிலாய் விளங்கியது ஊர்காவற்றுறையே. குதிரையும் சீனத்துக் கிண்ணமும் பறங்கியர் பீரங்கியும் உள்ளே வந்ததும், வன்னி யானையும் சாயவேரும் பனஞ்சட்டமும் வெளியே சென்றதும் இவ்வாயில் வழியாகத்தான். ஆதலின், தீவகத்தைக் காண விழைவோர் தமது அரை நாளை இரண்டு நாளாக்கிக்கொள்வது நன்று. அவ்விரு நாட்களையும் எவ்வாறு வகுத்துக்கொண்டால் வரலாறு தானாகவே வரிசைப்படும் என்பதே இப்பேச்சின் பொருள்.

முதலிற் காலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். வைகாசி முதற் புரட்டாதி வரை சோளகக் காற்று இக்கடலை ஓயாது கலக்கும். ஐப்பசி பிறந்தபின் வாடையும் மழையும் சேர்ந்துகொள்ளும். தை மாதத்தின் பிற்பகுதி தொடக்கம் சித்திரை வரையுள்ள காலமே கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும் காலம். ஆனி மாதத்தில் நயினாதீவு அம்மன் திருவிழா நடைபெறுவதால், காற்றையும் பொருட்படுத்தாது மக்கள் திரண்டு செல்வர்; கல்லையும் கோட்டையையும் ஆறுதலாகப் பார்க்க விரும்புவோருக்கு அம்மாதம் ஏற்றதன்று. பாய்க்கப்பற் காலத்து மாலுமிகள் இக்காற்றுக்களைப் பகையாகக் கொள்ளவில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஒரு காற்றில் வந்து, மறு காற்று எழும்வரை துறையிலே தங்கி, அதன் மீது ஏறித் திரும்புவதே அவர்கள் வாழ்க்கை. இவ்வாறு மாதக் கணக்கிற் காத்திருக்கும் பிறநாட்டாருக்குத் தங்குமிடமும் காவலும் நீதியும் ஒரு துறையிலே கிடைத்தாலன்றி, அத்துறைக்கு எவரும் இரண்டாம் முறை வாரார்.

துறையின் பெயரே ஒரு வரலாறு. பழைய தமிழ்க் கல்வெட்டுக்கள் இதனை ஊராத்துறை என்று வழங்குகின்றன. சிங்கள மொழியில் இது ஊராதொட்ட. ஊரா என்றாற் பன்றி, தொட்ட என்றாற் துறை. இப்பொருளையே பாளி நூலாசிரியர்கள் சூகரதித்த என்று பெயர்த்துக்கொண்டனர். தமிழ் மக்களோ பிற்காலத்தில் அதனை ஊர்காவற்றுறை ஆக்கி, ஊரைக் காவல் செய்யும் துறை என்று பொருள் கண்டனர். போர்த்துக்கேயர் வந்து, இங்கிருந்து யானைகள் கப்பலேறுவதைக் கண்டு, யானைகளின் இறங்குதுறை என்று தம் மொழியில் அழைத்தனர். அதிலே துறையைக் குறிக்கும் சொல் மட்டும் எஞ்சி, ஆங்கிலேயர் வாயிற் கயிற்ஸ் ஆயிற்று. பன்றியும் யானையும் காவலும் ஒரே துறைக்குப் பெயராய் அமைந்தமை வேறெங்கும் எளிதிற் காணக்கூடியதன்று.

இனிப் பயணம். முதல் நாட் காலையில் யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாகப் புறப்படுவோர், இருபுறமும் பரவைக் கடல் விரிந்து கிடக்க, அல்லைப்பிட்டியை அடைவர். கண்ணைக் கவரும் கட்டடம் எதுவும் இங்கு இல்லை. மணலும் பனையுமே உண்டு. ஆயினும் 1977ஆம் ஆண்டில் ஜோன் கார்ஸ்வெல் என்னும் அறிஞர் இம்மணலை அகழ்ந்தபோது, சீனத்து மட்பாண்டங்களின் உடைசல்கள் திரளாக வெளிப்பட்டன. அவை சொங் மரபினர் ஆண்ட காலத்தவை, கி. பி. 11ஆம் நூற்றாண்டின் இறுதியையும் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சார்ந்தவை. தென்சீனச் சூளைகளிற் சுடப்பட்ட கிண்ணங்களும் சாடிகளும் மலாக்கா நீரிணையைக் கடந்து, வங்கக் கடலைத் தாண்டி, இந்த மணற்றிட்டியில் வந்து இறங்கியுள்ளன. அண்மைக் காலத்தில் இலங்கைத் தொல்லியலாரும் சீன அறிஞரும் ஒன்றுசேர்ந்து இவ்விடத்தில் மீண்டும் அகழாய்வு நடத்தியுள்ளனர். எனவே வண்டியை அல்லைப்பிட்டியிற் சிறிது நிறுத்துதல் தகும். காண்பதற்கு ஒன்றுமில்லாவிடினும், கீழே கிடந்தவை எவை என்று அறிந்து நிற்பதே போதுமானது.

அல்லைப்பிட்டியை விட்டபின் வேலணையில் வலப்புறம் திரும்பாது நேரே செல்ல வேண்டும். ஊர்காவற்றுறையைக் காணப் புறப்பட்டவர் முதலில் நயினாதீவுக்குப் போவானேன் என்று சிலர் வினவலாம். ஊர்காவற்றுறையைப் பற்றிய மிகச் சிறந்த சாசனம் நயினாதீவில் இருப்பதே காரணம். நூலைப் படித்துவிட்டு நிலத்தைப் பார்ப்பது போல, கல்லைக் கண்டபின் துறையைக் காண்பது முறை. வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் நீண்ட தாம்போதியைக் கடந்து குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்தால், கால் மணி நேரப் படகுப் பயணத்தில் நயினாதீவு.

நாகபூஷணி அம்மன் கோயிலிற் பேணப்படும் அக்கல், பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் சாசனம். அதனை ஆராய்ந்து 1963ஆம் ஆண்டளவில் அறிஞருலகுக்கு விளக்கியவர் பேராசிரியர் கா. இந்திரபாலா. சாசனத்தின் தொடக்கப் பகுதி சிதைந்துவிட்டது. எஞ்சிய பகுதி கூறுவன வருமாறு: பரதேசிகள், அதாவது பிறநாட்டு வணிகர், ஊராத்துறையிலே வந்து தங்க வேண்டும், அவர்கள் காக்கப்பட வேண்டும், பல துறைகளிலுமிருந்து அவர்கள் வந்து கூட வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்து கெட்டால், நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு. மூன்று பங்கு உடையவனுக்கு. ஏனைய சரக்குக் கொண்டுவரும் மரக்கலம் கெட்டால், சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு. இந்த ஏற்பாடு சந்திர சூரியர் உள்ளளவும் நிற்கும் பொருட்டுக் கல்லிலும் செம்பிலும் எழுதுவிக்கப்பட்டது.

இச்சில வரிகளின் பெறுமதியை அறிய வேண்டின், அக்காலத்துக் கடல் வழக்கத்தை நோக்குதல் வேண்டும். உடைந்த கப்பல் கரையொதுங்கினால் அது கரைக்கு உடையவனுக்கே சொந்தம் என்பது பல நாடுகளில் இருந்த வழக்கு. ஐரோப்பியக் கரையோரப் பிரபுக்களும் இவ்வுரிமையை நெடுங்காலம் விடாப்பிடியாகப் பேணினர். ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளி என்னும் துறையிலே காகதிய மன்னன் கணபதிதேவன் 1244ஆம் ஆண்டளவில் நாட்டிய அபய சாசனம், முன்னைய அரசர்கள் கெட்ட கப்பல்களின் பொருளை முழுவதுமாகப் பறித்துவந்ததை எடுத்துக் கூறி, இனி அவ்வாறு நிகழாது என்று உறுதி அளிக்கின்றது. அச்சாசனத்துக்கு இரண்டு தலைமுறைக்கு முன்னரே ஊராத்துறைக்கு இத்தகைய ஏற்பாடு ஒன்று இருந்தமை இத்தீவகத்துக்குப் பெருமை தருவது.

எனினும் கல்லை வணங்குவதோடு நில்லாது அதனை வாசிக்கவும் வேண்டும். யானைக்கும் குதிரைக்கும் ஏன் அதிகச் சலுகை? சாசனமே அதனை ஒளியாது சொல்கின்றது: அவற்றை மன்னன் விரும்புகின்றான். குதிரை இலங்கையில் இயல்பாக விளையும் பொருளன்று. யானை இங்குள்ளதாயினும், மன்னன் பிறநாட்டு யானைகளையும் நாடினான். பர்மிய அரசன் யானை விற்பனையைத் தடுத்தும் விலையை உயர்த்தியும் இடர் செய்தமை, பராக்கிரமபாகு அந்நாட்டின் மீது கடற்படை அனுப்பியதற்குரிய காரணங்களுள் ஒன்று எனச் சூளவம்சம் கூறுகின்றது. ஆகவே இக்கல்லிற் காணப்படும் அபயம் வெறும் அருளிற் பிறந்ததன்று. படைக்கு வேண்டிய விலங்குகளைத் தேடும் ஓர் அரசனின் கணக்கும் அதிற் கலந்துள்ளது. அதனால் அதன் மதிப்புக் குறைவதில்லை. கப்பலுடைந்து அனைத்தையும் இழந்து கரையேறியவனுக்கு, முக்காற் பங்கு திரும்பக் கிடைப்பதற்குரிய காரணம் அருளாயின் என்ன, கணக்காயின் என்ன?

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பொலன்னறுவை மன்னன் இந்த ஆணையைத் தமிழிலே பொறித்தான். ஆணை எவர் கண்ணிற் படவேண்டுமோ அவர் மொழியிலேயே அதனை எழுதுவது அறிவுடைய அரசுக்கு இயல்பு. ஊராத்துறையில் நின்ற அதிகாரிகளுக்கும் அங்கு வந்த கடல் வணிகருக்கும் விளங்கிய மொழி தமிழ் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

நயினாதீவு இக்கல்லால் மட்டும் சிறப்புற்றதன்று. மகாவம்சம் கூறும் நாகதீபம் இதுவே எனப் பௌத்த மக்கள் கொள்வர். மாமனும் மருகனுமான இரு நாக மன்னர் ஒரு மணியாசனத்தின் பொருட்டுப் போர் செய்ய முற்பட்டபோது புத்தர் பிரான் வந்து அவர்களைச் சமாதானம் செய்தார் என்பது அக்கதை. மணிமேகலைக் காப்பியத்து மணிபல்லவம் இத்தீவே என்பாரும் உளர், மறுப்பாரும் உளர். போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்த அம்மன் கோயில் 1788ஆம் ஆண்டளவில் மீண்டும் எழுந்தது. சற்றுத் தொலைவில் நாகதீப விகாரை. வழிபடுவோர் இரண்டிடத்தும் செல்வதைக் காணலாம். ஆயினும் 1958ஆம் ஆண்டுக் கலவரத்தில் இவ்விகாரை தகர்க்கப்பட்டதும், 1986ஆம் ஆண்டில் அம்மன் கோயில் தாக்கப்பட்டுத் தேர் எரிக்கப்பட்டதும் இத்தீவின் வரலாற்றிலிருந்து நீக்க முடியாதவை. மணியாசனச் சண்டையைத் தீர்த்து வைத்த தலம் எனப் போற்றப்படும் மண்ணிலேயே இவை நிகழ்ந்தன.

நண்பகற் படகிற் குறிகட்டுவானுக்கு மீண்டு, வந்த வழியே வேலணைக்குத் திரும்பி, அங்கிருந்து வடமேற்கே செல்லும் வீதியிற் சரவணை, நாரந்தனை, கரம்பன் ஆகிய ஊர்களைக் கடந்தால் ஊர்காவற்றுறை. பிற்பகல் முழுவதையும் இங்கே கழிக்கலாம். இன்று காண்பது அமைதியான ஒரு சிறு பட்டினம்: தேவாலயங்கள், பழைய கட்டடங்களின் எச்சங்கள், கடற்கரையில் மீன்பிடி வள்ளங்கள். இறங்குதுறையில் நின்று நோக்குவோருக்கு எதிரே காரைநகர். இடையே குறுகிய கால்வாய் போன்ற கடல். குடாநாட்டைச் சூழ்ந்த பரவைக் கடல் பெரும்பாலும் ஆழமற்றது. வெளிக்கடலுக்குத் திறப்பும், கப்பல் ஒதுங்கி நிற்பதற்குரிய தீவுகளின் மறைவும் ஒருங்கே அமைந்த இடம் இதுவாகும். ஊராத்துறை எக்காரணத்தால் இங்கு அமைந்தது என்பதை எந்த நூலினும் தெளிவாக இக்காட்சி உரைக்கும்.

மறைவுள்ள துறை வணிகனுக்கு நல்லது, படைத்தலைவனுக்கும் நல்லது. பரதேசிகளைக் காக்கக் கல்லிலே ஆணை எழுதுவித்த அதே பராக்கிரமபாகு, பாண்டி நாட்டு அரசுரிமைப் போரிற் சோழருக்கு எதிராகத் தலையிட்டவன். ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வலிகாமம், மட்டிவாழ் ஆகிய இடங்களிற் படை திரட்டி மரக்கலங்களையும் கட்டுகின்றான் என்ற செய்தி சோழ நாட்டுக்கு எட்டியது. உடனே சோழ அதிகாரி அண்ணன் பல்லவராயன், ஈழத்து அரியணைக்கு உரிமை கோரிய சீவல்லவனை ஒரு படையுடன் அனுப்பினான். அப்படை இத்துறைகளை அழித்து யானைகளையும் கைப்பற்றிச் சென்றது என்று இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு உரைக்கின்றது. ஒரே மன்னன் காலத்தில், ஒரே துறையைப் பற்றி, இரு கரைகளிலும் இரண்டு கற்கள். ஒன்று அடைக்கலம் பேசுகின்றது. மற்றது அழிவு பேசுகின்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தாலன்றி ஊராத்துறையை அறிந்ததாகாது.

கடலின் நடுவே, காரைநகர்ப் பக்கமாக, எண்கோண வடிவிற் கிடப்பது கடற்கோட்டை. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் இத்துறையின் வாயிலைக் காக்கக் கட்டியது இது. 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் இதனை முற்றுகையிட்டனர். சுற்றிலும் நீர், குடிப்பதற்கோ நீரில்லை. ஏறக்குறைய இரு வாரத்தில் உள்ளிருந்தோர் பணிந்தனர். பின்னர் ஒல்லாந்தர் கோட்டையைத் திருத்திக் கட்டி, ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டனர். பன்றித் தொடையிறைச்சியின் குதிப்பகுதி என்பது அதன் பொருள். தேசப்படத்தில் இலங்கை அவர்கள் கண்ணுக்கு அவ்விறைச்சித் துண்டைப் போலத் தோன்ற, யாழ்ப்பாணம் அதன் குதியாகப் பட்டதாம். முத்தென்றும் மாங்காயென்றும் பிறர் வருணித்த தீவை இவ்வாறு கண்டவர்களின் பசியை என்னென்பது!

இக்கோட்டையைப் பற்றித் தமிழ் மக்கள் வழங்கும் கதை வேறு. ஒல்லாந்தர் ஆட்சியின் தொடக்கத்திற் பூதத்தம்பி என்பான் ஓர் உயர் அதிகாரி. அவன் மனைவியின் மீது தகாத விருப்பங்கொண்டு அவமானமுற்ற அந்திராசி என்பவன் வஞ்சம் தீர்க்க வழி தேடினான். கடற்கோட்டை வேலைக்கு மரம் வேண்டும் என்று எழுதுவதாகச் சொல்லி, வெற்றுத் தாளிற் பூதத்தம்பியின் கையொப்பத்தைப் பெற்று, அதிலே போர்த்துக்கேயருக்கு எழுதிய துரோகக் கடிதத்தை நிரப்பிக் கொலைத் தண்டனைக்கு உள்ளாக்கினான் என்பது கதை. நாட்டுக்கூத்தாக ஆடப்பட்டு ஊரூராகப் பரவிய இக்கதையை ஒல்லாந்தர் எழுதிவைத்த வரலாற்றோடு ஒப்பிட்டால் முரண்பாடுகள் உள. 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தருக்கு எதிராக ஒரு சதி நடந்ததும் சிலர் கொடிய தண்டனை பெற்றதும் மட்டும் மெய். எவ்வாறாயினும், கோட்டை வாயிலிற் பீரங்கியிலும் கையெழுத்து வலிமையுடையதாகிவிட்ட ஒரு காலத்தை மக்கள் எப்படி உணர்ந்தனர் என்பதற்கு இக்கதை நல்ல சான்று.

ஆங்கிலேயர் காலத்தில் இக்கோட்டை தொற்றுநோயாளரைத் தனித்து வைக்கும் இடமாகவும், பின்னர்ச் சிறையாகவும் பயன்பட்டது. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிற் கைதானோருள் ரோகண விஜேவீரா இங்கு அடைக்கப்பட்டிருந்தார். பிற்காலத்திற் கடற்படையினர் இதனை விருந்தினர் தங்கும் விடுதியாக மாற்றினர். காவலுக்குக் கட்டியது, காவலிலிருந்து சிறையாகி, சிறையிலிருந்து விடுதியாயிற்று. ஊர்காவற்றுறைப் பக்கத்தில் இதற்குத் துணையாக நின்ற உருண்டிக் கோட்டையோ இடிபாடாகக் கிடக்கின்றது.

யானையின் செய்தியையும் இங்கே நின்று நினைத்தல் பொருந்தும். பராக்கிரமபாகு உள்ளே வரவேற்ற யானை, போர்த்துக்கேயர் ஒல்லாந்தர் காலங்களில் வெளியே செல்லும் பெருஞ் சரக்காயிற்று. வன்னிக் காடுகளிற் பிடிபட்டவை மட்டுமன்றி, தெற்கே மாத்தறைப் பக்கத்திற் பிடிபட்டவையும் நெடுவழி நடத்தப்பட்டு யாழ்ப்பாணம் சேர்ந்தன. கொல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வணிகர் வந்து அவற்றை வாங்கினர். உயரத்தை அளந்து விலை பேசினர். யானைகள் குடாநாட்டுக்குட் புகுந்த நீர்வழிக்கு ஆனையிறவு என்று பெயர். அவை குடாநாட்டை விட்டு நீங்கிய துறைக்கு யானைத்துறை என்று பறங்கியர் பெயர். ஒரே பாதையின் இரு முனைகளிலும் யானையின் பெயர் பதிந்து கிடக்கின்றது.

ஆங்கிலேயர் காலத்திலும் ஊர்காவற்றுறை உடனே மங்கிவிடவில்லை. சுங்கச்சாவடியும் பாய்க்கப்பல்களும் அரிசி வணிகமும் 19ஆம் நூற்றாண்டில் இதனை உயிர்ப்புடன் வைத்திருந்தன. 1905ஆம் ஆண்டிற் புகைவண்டிப் பாதை யாழ்ப்பாணத்தைக் கொழும்போடு இணைத்து, காங்கேசன்துறை வரை நீண்டது. சரக்கு இரும்புப் பாதைக்கும், கப்பல் நீராவிக்கும் மாறவே, காற்றை நம்பிய துறைக்கு வேலை குறைந்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வந்த போர் எஞ்சியதையும் குலைத்தது. 1990ஆம் ஆண்டுக்குப் பின் தீவகத்து மக்களுட் பெருந்தொகையினர் இடம்பெயர்ந்தனர். பலர் கொழும்புக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் சென்று மீளவில்லை. நாரந்தனையிலும் கரம்பனிலும் கூரையிழந்து நிற்கும் கல்வீடுகளைக் காண்போர் அவற்றைப் பண்டைக் காலத்து இடிபாடு என்று மயங்கலாகாது. அவற்றின் உடையவர்கள் இன்னும் எங்கோ உயிரோடிருக்கின்றனர்.

மாலையில் ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் பாதையிற் கடக்கலாம். இங்கு பாதை என்பது வீதியன்று. மக்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவை. சில நிமிட நேரந்தான். கடற்கோட்டையை நன்றாகக் காண அச்சில நிமிடங்கள் உதவும். அப்பாற் பொன்னாலைத் தாம்போதி வழியாக இரவுக்கு முன் யாழ்ப்பாண நகரை அடையலாம்.

இரண்டாம் நாள் முழுவதையும் நெடுந்தீவுக்கே ஒதுக்க வேண்டும். நயினாதீவையும் நெடுந்தீவையும் ஒரே நாளில் முடிக்க முயல்வோர் இரண்டிலும் இறங்குதுறையைத்தான் காண்பர். குறிகட்டுவானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். இடையிலே தீவுகளின் மறைவு நீங்கியதும் அலை உயரும்.

இக்கடல்வழியைப் பற்றிச் சொல்லாது விடக்கூடாத ஒன்று உண்டு. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானை நோக்கி வந்த 'குமுதினி' என்னும் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. அதிற் பயணஞ் செய்த பொதுமக்களுட் குறைந்தது 23 பேர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். கடற்படையினரே இதனைச் செய்தனர் என்று உயிர் தப்பியோர் சாட்சியம் கூறினர். கடலில் வருவோர் காக்கப்பட வேண்டும் என்ற கல் நயினாதீவிலே நிற்க, அத்தீவுக்கு அண்மையிலுள்ள நீரிலேயே இது நடந்தது. நெடுந்தீவு மக்கள் ஆண்டுதோறும் அந்நாளை நினைவுகூர்கின்றனர்.

நெடுந்தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. போர்த்துக்கேயர் இதனைப் பசுத்தீவு என்றனர். ஒல்லாந்தர் தம் தாயகத்து நகர்களின் பெயர்களை இத்தீவுகளுக்கெல்லாம் சூட்டினர்: வேலணை லைடன் ஆயிற்று, காரைதீவு ஆம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடெல்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம். நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்னும் பெயரே ஆங்கில வழக்கில் உறுதியாக நிலைத்தது. மக்கள் நாவில் நெடுந்தீவு நெடுந்தீவாகவே இருந்து வருகின்றது.

மாவலி இறங்குதுறையில் இறங்கியதும் முதலிற் கண்ணிற் படுவன வேலிகள். குடாநாட்டிற் பனையோலையும் கிடுகும் செய்யும் வேலையை இங்கே முருகைக்கற்கள் செய்கின்றன. சாந்து பூசாது, கல்லின் மேற் கல்லாக அடுக்கிய மதில்கள் ஒழுங்கை ஒழுங்கையாக நீளும். கடலடியில் வளர்ந்த கல்லே இங்கு வீட்டுக்கும் கிணற்றுக்கும் கோட்டைக்கும் கட்டுப்பொருள். வடகரையிலுள்ள ஐரோப்பியர் காலத்துக் கோட்டையும் இக்கல்லால் ஆனதே. கூரையும் மாடித்தளமும் போய்விட்டன. உப்புக்காற்றிற் சுண்ணச்சாந்து ஆண்டுதோறும் உதிர்கின்றது. இன்றே சென்று காண்பதற்குரிய காரணங்களுள் இது தலையாயது. தூதுப் புறாக்களை வளர்த்த புறாக்கூடும் ஒல்லாந்தர் காலத்தது என்பர்.

தீவின் மேற்குப் பகுதியில் வெடியரசன் கோட்டை என மக்கள் அழைக்கும் இடம் உண்டு. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி வந்த மீகாமனோடு வெடியரசன் என்னும் கடலோரத் தலைவன் பொருதான் என்பது கதை. தொல்லியலார் அங்கே காண்பது முருகைக்கல்லாற் கட்டிய பௌத்த தூபிகளின் அடித்தளங்கள். வழிபாட்டிடம் கைவிடப்பட்டபின், அதன் இடிபாட்டுக்கு மக்கள் ஒரு வீரனைக் குடியேற்றிக்கொண்டனர். பெரிய தண்டும் பொந்துமுடைய பெருக்குமரம் ஒன்றும் இங்கு நிற்கின்றது. ஆபிரிக்க மண்ணுக்குரிய இம்மரத்தை அராபிய மாலுமிகள் கொணர்ந்தனர் என்பது வழிவழி வரும் செய்தி.

குதிரைகளைக் காண விரும்புவோர் தென்பகுதி வெளிகளுக்குச் செல்ல வேண்டும். ஐரோப்பியர் காலத்தில் இத்தீவு குதிரை வளர்க்கும் பண்ணையாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நோலன் என்னும் ஐரிஷ் படையதிகாரி இங்கே இருந்து குதிரை வளர்ப்பை மேற்பார்வை செய்ததோடு, சிற்றரசன் போல வாழ்ந்தான் என்றும் கதைகள் உள. பண்ணை ஒழிந்தது, குதிரைகள் கட்டவிழ்ந்து பெருகின. ஏறுவாரற்று, கூட்டங்கூட்டமாகத் திரியும் இவற்றுக்குக் கோடை கொடிய காலம். நீர்நிலைகள் வற்றும் ஆண்டுகளில் அவை தாகத்தால் இறந்ததும் உண்டு. சாராப்பிட்டிப் பக்கத்து நன்னீர்க் கிணறுகளைத் தவிர்த்தால் தீவின் நீர் பெரும்பாலும் உவர் கலந்தது. ஆதலின், கடற்கோட்டையில் இருந்த போர்த்துக்கேயருக்கு நேர்ந்தது தமக்கு நேராதிருக்க, பயணிகள் குடிநீரைக் கையோடு கொண்டுசெல்வது நலம்.

திரும்பும் படகின் நேரத்தை மாவலியில் இறங்கும்போதே கேட்டறிந்துகொள்ள வேண்டும். காற்று எழுந்தாற் படகு முந்தியும் புறப்படும், புறப்படாமலும் போகும். மறுநாளைக்கென்று கொழும்புக்குச் செல்லும் புகைவண்டியில் இடம் பதிந்து வைத்துவிட்டு நெடுந்தீவுக்கு வருவது அறிவுடைமையன்று. ஒரு நாள் மிகையாகக் கையில் இருக்கட்டும்.